இன்லைன் மசில்லோடர்: முதல் துப்பாக்கி எது வாங்கலாம்? (ஒஹாயோ, வெள்ளைவால் மான்)

வயல்வெளி (ஒஹாயோ)

நீண்ட நாளாக இந்தக் களத்தை வாசித்து வருகிறேன், இழை தொடங்குவது இப்போதுதான். கொலம்பஸுக்கு மேற்கே அலுவலக நண்பர் ஒருவரின் பண்ணையில் மான் வேட்டைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் அறுத்த வயல்கள், நடுவே ஓர் ஓடை, ஓடையை ஒட்டி மரங்கள். போன துப்பாக்கி வாரத்தில் கடன் வாங்கிய ஷாட்கன்னோடு உட்கார்ந்தேன். ஸ்லக் தோட்டாவில் 75 கெஜத்துக்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மான்களெல்லாம் அதற்கு அப்பால்தான் நடந்தன.

ஜனவரியில் மசில்லோடருக்கென்று (குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கி) தனியாக நான்கு நாள் வருகிறது. அதற்காக அதில் நவீன வகையான இன்லைன் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். கையில் 600 டாலர் வரை இருக்கிறது. சிவிஏ நிறுவனத்தின் உல்ஃப் மாடல் போதுமா, அக்யூரா வரை போக வேண்டுமா? வெடிமருந்து வில்லையா, தூளா? ஸ்கோப் மாட்டலாமா? இல்லை, பேசாமல் ஒரு .450 புஷ்மாஸ்டர் ரைஃபிளே வாங்கிவிடலாமா?

எச்-1பி விசாவில் இருக்கிறேன், அதில் ஏதும் சிக்கல் உண்டா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

---

நாலுகால்தடம் (இண்டியானா)

வாருங்கள். ரைஃபிள் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது. ஒஹாயோவில் 2014 முதல் நேர்ச்சுவர்த் தோட்டா (கழுத்து குறுகாமல் நேராக இருக்கும் தோட்டா) ரைஃபிள்களைத் துப்பாக்கி வாரத்தில் அனுமதிக்கிறார்கள். .450 புஷ்மாஸ்டர், .350 லெஜண்ட் எல்லாம் அதில் வரும். ஆனால் ஜனவரி நான்கு நாளுக்கு அது உதவாது. .38 காலிபருக்கு (அங்குலக் கணக்கில் குழலின் விட்டம்) குறையாத மசில்லோடர் என்றால் இரண்டிலுமே எடுத்துப் போகலாம். ஒரே ஒரு துப்பாக்கி வாங்கப்போகிறவர் இன்லைன் வாங்குவதுதான் கணக்குக்குச் சரி.

உல்ஃபா அக்யூராவா என்றால், உல்ஃப் போதும். இரண்டுமே ஸ்பெயினில் தயாராகி வருபவை, .50 காலிபர், நடுவில் மடிந்து திறப்பவை. ப்ரீச் பிளக் என்கிற பின்திருகாணியைக் கையாலேயே சுழற்றிக் கழற்றலாம். அக்யூராவில் குழல் நன்றாக இருக்கும், துரு பிடிக்காத பூச்சு இருக்கும், விசையும் மென்மை. அந்த வித்தியாசம் 100 கெஜத்தில் ஒரு மானுக்குத் தெரியப்போவதில்லை. மிச்சப் பணத்தில் நல்ல ஸ்கோப்பும் நிறைய மருந்தும் குண்டும் வாங்கிச் சுட்டுப் பழகுங்கள். 1,000 டாலர் துப்பாக்கியை வாங்கிவிட்டு வருடத்துக்கு மூன்று குண்டு சுடுகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

முதல் துப்பாக்கியாக இருப்பதால் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய பக்கப்பூட்டுத் துப்பாக்கியில் குதிரை (சுத்தியல் போல அடிக்கும் பாகம்) பக்கவாட்டில் இருக்கும். அது கேப்பில் (அடித்தால் பொறி தரும் சின்ன மூடி) அடித்து, அந்த நெருப்பு வளைந்து திரும்பித்தான் மருந்துக்குப் போக வேண்டும். ஈரம் பட்டால், எண்ணெய் தேங்கினால் அந்த வளைவிலேயே நெருப்பு செத்துப்போகும். இன்லைனில் பொறி தரும் ப்ரைமர் குழலுக்கு நேர் பின்னால் இருக்கிறது, நெருப்பு நேராகப் பாய்கிறது. அதுவும் இப்போது எல்லோரும் போடுவது ஷாட்கன் தோட்டாவில் இருக்கும் 209 ப்ரைமர். பழைய 11-ஆம் எண் கேப்பைவிடப் பல மடங்கு சூடு. அப்புறம், பின்திருகாணியைக் கழற்றினால் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியும். சுத்தம் செய்வது எளிது. சுடாத மருந்தைப் பின்பக்கமாகத் தள்ளி எடுத்துவிடலாம்.

மருந்து பற்றி தனியாக எழுதுகிறேன், அது பெரிய கதை.

---

கரடிமலை (பென்சில்வேனியா)

தம்பி வயல்வெளி, வாங்குவதற்கு முன் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு நாள் எதற்காக ஒதுக்கப்பட்டது? கையில் ஒரே குண்டு, கிட்டே போனால்தான் அடிக்க முடியும், மானுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்பதற்காக. நீங்கள் வாங்கப்போவது ஒன்பது மடங்கு பெருக்கும் ஸ்கோப்பும் பிளாஸ்டிக் உறையில் செப்புக் குண்டும் போட்ட, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒரு நவீன ரைஃபிள். பெயரில்தான் மசில்லோடர்.

எங்கள் மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பருவம் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும்தான். 1974-இல் ஆரம்பித்தது. கல், எஃகு, கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து, அவ்வளவுதான். பனியில் கை விறைத்துப்போய், கிண்ணி மருந்து நனைந்து, விசையை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், மான் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். அதுதான் வேட்டை.

---

நாலுகால்தடம்

அண்ணே, அதே பென்சில்வேனியாவில் அக்டோபரில் பெட்டை மானுக்கு ஒரு மசில்லோடர் வாரம் இருக்கிறதே. அதில் இன்லைனும் ஸ்கோப்பும் தாராளமாகப் போகலாம். அதைச் சொல்லவில்லையே?

---

கரடிமலை

சொல்லவில்லை, ஏனென்றால் நான் அதற்குப் போவதில்லை.

---

சாம்பல்நரி (கொலராடோ)

கரடிமலை அண்ணனின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1985-இல் மிசோரியைச் சேர்ந்த டோனி நைட் என்கிற துப்பாக்கித் தச்சர் எம்கே-85 என்ற மாடலைக் கொண்டுவந்தார். இன்லைன் அமைப்பு அதற்கு முன்பே இருந்ததுதான், ஆனால் சந்தையைத் திருப்பிப்போட்டது அந்தத் துப்பாக்கி. அது கேப்பில்தான் ஓடியது, 209 எல்லாம் பிறகு வந்தது. வேட்டைக்காரர்கள் அதை ஏன் அள்ளிக்கொண்டு போனார்கள்? மழையில் வெடிக்காத துப்பாக்கியை வைத்துக்கொண்டு, வருடக்கணக்காகக் காத்திருந்து குலுக்கலில் கிடைத்த உரிமத்தை வீணாக்க யாருக்கும் மனமில்லை. வெடிக்காமல் போவதைவிட மோசமானது தாமதித்து வெடிப்பது. குறி நகர்ந்த பிறகு வெடித்தால் மானுக்கு வயிற்றில் படும். இதைப் பழமையின் அழகு என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்து 1996-இல் ரெமிங்டன் தன் 700 போல்ட் ரைஃபிளையே மசில்லோடராக்கியது. தாம்சன் சென்டர் நிறுவனத்தின் என்கோர் மாடலில் 209 ப்ரைமர் வந்தது. 2014-இல் ரெமிங்டன் அல்டிமேட், அதில் நான்கு வில்லை, அதாவது 200 கிரெய்ன் (மருந்தையும் குண்டையும் அளக்கும் அலகு). 2020-இல் டிரடிஷன்ஸ் நைட்ரோஃபயர். அதில் மருந்து மூடிய குப்பியாகப் பின்பக்கம் போகிறது, குண்டு மட்டும் முன்பக்கம். அதை மசில்லோடர் பருவத்தில் ஏற்பதா வேண்டாமா என்று மாநிலங்களே ஒத்துப்போகவில்லை. எங்கே கோடு போடுவது என்பதுதான் கேள்வி. எனக்கு அந்தக் கோடு ஸ்கோப்பில் இருக்கிறது, இக்னிஷனில் (மருந்தைப் பற்றவைக்கும் முறையில்) இல்லை.

---

வயல்வெளி

சாம்பல்நரி, கொலராடோவில் விதிகள் எப்படி? எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்கு என்றாவது வர ஆசை.

---

சாம்பல்நரி

இங்கே இன்லைன் கூடும். ஆனால் மசில்லோடர் பருவத்தில் ஸ்கோப் கூடாது, குண்டைச் சுற்றும் சேபோ என்கிற பிளாஸ்டிக் உறை கூடாது, மருந்து வில்லை கூடாது, தூள்தான். குண்டு தன் விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. எல்க், மூஸ் இரண்டுக்கும் .50க்குக் குறையக் கூடாது, மானுக்கு .40 போதும். அதாவது ஒஹாயோவில் நீங்கள் தயார் செய்து வைத்திருக்கும் துப்பாக்கி, குண்டு, மருந்து மூன்றையும் மாற்றியாக வேண்டும்.

ஐடஹோ இன்னும் கடுமை. மசில்லோடருக்கான தனிப் பருவங்களில் 209 ப்ரைமரே கூடாது. வெளியே தெரியும் குதிரை வேண்டும், இக்னிஷன் திறந்து இருக்க வேண்டும். மொண்டானா 2021-இல் சட்டம் போட்டு டிசம்பரில் ஒன்பது நாள் பாரம்பரிய மசில்லோடர் பருவம் கொண்டுவந்தது. வெறும் ஈயக் குண்டு, இரும்புக் குறி (ஸ்கோப் இல்லாத சாதாரணக் குறி). கரடிமலை அண்ணனுக்கு ஏற்ற ஊர்.

இந்தப் பக்கம் இப்படியென்றால் மிசிசிப்பியில் நேர் எதிர். அவர்களின் 'ஆதி ஆயுத' பருவத்தில், .35க்குக் குறையாத, வெளிக்குதிரை உள்ள ஒற்றைத் தோட்டா ரைஃபிளைப் பின்பக்கம் திறந்து தோட்டா போட்டே சுடலாம். வாய்வழி மருந்தே தேவையில்லை. லூயிசியானாவிலும் ஏறத்தாழ அப்படித்தான். படித்தபோது சிரித்துவிட்டேன்.

விமானத்தில் வருவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். கரிமருந்து, அதன் மாற்றுப் பொடிகள், ப்ரைமர், கேப் எதுவுமே கைப்பையிலும் கூடாது, கார்கோவில் போடும் பெட்டியிலும் கூடாது. துப்பாக்கியை மட்டும் பூட்டிய பெட்டியில் கொண்டுவந்து, மருந்தை இங்கே வாங்க வேண்டும். புது டப்பா மருந்து என்றால் குறியைத் திரும்பச் சரிபார்க்க ஒரு நாள் முன்னதாக வந்துவிடுங்கள்.

---

பொடிடப்பா (மிசோரி)

மருந்து என்றதும் வந்துவிட்டேன்.

உண்மையான கரிமருந்து என்பது பொட்டாசியம் நைட்ரேட் 75, மரக்கரி 15, கந்தகம் 10 என்ற பழைய கணக்கு. சட்டப்படி அது வெடிபொருள், அதனால் விற்க உரிமம் வேண்டும், அதனால் பெரும்பாலான கடைகளில் இருக்காது. லூயிசியானாவில் இருக்கும் கோயெக்ஸ் கரிமருந்து ஆலையை 2021-இல் மூடப்போவதாக அதை நடத்திய ஹாட்ஜ்டன் நிறுவனம் அறிவித்தபோது சக்கிமுக்கி ஆட்களெல்லாம் பதறிப்போய் டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கினார்கள். மறுவருடமே எஸ்டஸ் என்கிற ராக்கெட் பொம்மை நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் அதை வாங்கித் திரும்ப ஓட வைத்தார்கள். சக்கிமுக்கிக்கு இதுதான் வேண்டும், மாற்றுப் பொடிகள் கிண்ணி நெருப்பில் சரியாகப் பற்றுவதில்லை. இன்லைனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மாற்றுப் பொடியில் முதல் பெரிய பெயர் பைரோடெக்ஸ். அதைக் கண்டுபிடித்த டான் பாவ்லாக் 1977-இல் தன் ஆலையில் நடந்த விபத்தில் இறந்துபோனார். பிறகு ஹாட்ஜ்டன் எடுத்து நடத்தியது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் பெர்குளோரேட் இருக்கிறது. சுட்ட குழலை ஓர் இரவு அப்படியே விட்டால் மறுநாள் உள்ளே செம்மண் நிறம்.

டிரிபிள் செவன் கந்தகம் இல்லாதது, கொஞ்சம் வேகமானது, வெறும் தண்ணீரிலேயே கழுவலாம். ஆனால் சூடான 209 ப்ரைமரோடு சேர்ந்தால் மருந்து இருந்த இடத்துக்குச் சற்று முன்னால் கண்ணாடி போல ஒரு வளையம் படியும். இரண்டாவது குண்டு அங்கே போய் நின்றுகொள்ளும். ஒவ்வொரு சுடலுக்கும் நடுவே ஈரத்துணி ஒரு முறை, உலர்துணி ஒரு முறை ஓட்டினால் பிரச்சினை இல்லை. சூடு குறைந்த ப்ரைமர் போட்டாலும் குறையும்.

மூன்றாவது பிளாக்ஹார்ன் 209. விலையைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும். ஆனால் நடுவில் துணி ஓட்டாமலே தொடர்ந்து சுடலாம், எல்லாக் குண்டும் ஒரே மாதிரி போகும். நான் இதைத்தான் போடுகிறேன். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வீரியமான 209 ப்ரைமரும் அதற்கேற்ற பின்திருகாணியும் வேண்டும், இல்லையென்றால் தாமதித்துத்தான் பற்றும். இரண்டு, அந்தத் திருகாணியின் துளைப் பாதையில் கரி கெட்டியாகப் படியும், துணியால் போகாது. எட்டில் ஒரு அங்குல துளைமுனையைக் கையால் சுழற்றிச் சுரண்டி எடுக்க வேண்டும். மூன்று, இதற்குத் தண்ணீர் ஆகாது, வழக்கமான ரைஃபிள் சால்வன்ட்தான்.

அளவு விஷயத்தில் எல்லோரும் குழம்புவார்கள். இந்தப் பொடிகளில் 100 கிரெய்ன் என்று சொன்னால் அது கரிமருந்துக்கான அளவுக்குழாயில் 100 என்ற கோடு வரை நிரப்புவது. எடை அல்ல. பிளாக்ஹார்னில் 100 கோடு என்பது தராசில் சுமார் 70 கிரெய்ன்தான். தராசில் 100 வைத்தால் நீங்கள் 140க்கும் மேல் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வில்லையா தூளா? வில்லை வசதி, அவ்வளவுதான். 50 கிரெய்ன் வில்லை இரண்டு போட்டால் 100, மூன்று போட்டால் 150. நடுவில் எதுவும் கிடையாது. தூளில் 85, 90, 95 என்று ஏற்றி இறக்கி உங்கள் குழலுக்குப் பிடித்த அளவைக் கண்டுபிடிக்கலாம். மூன்று வில்லை போட்டால் தோள் கழன்றுவிடும், குறியும் பெரும்பாலும் சிதறும். பெட்டியில் 'மேக்னம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள் என்பதற்காகப் போட வேண்டாம்.

---

மட்டுறுத்துநர்

பொடிடப்பாவின் பதிவோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துவைக்கிறேன். தோட்டாவில் போடும் புகையில்லா மருந்தை எந்த மசில்லோடரிலும் போடக் கூடாது. குழல் பிளக்கும், கை போகும், உயிரும் போகும். சாவேஜ் 10எம்எல் போல அதற்கென்றே கட்டிய சில துப்பாக்கிகள் வந்தன, உண்மை. அவை விதிவிலக்கு. உல்ஃபும் அக்யூராவும் அவை அல்ல. "கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்ற ரீதியில் எழுதப்படும் பதிவுகள் இங்கே நீக்கப்படும். வீட்டில் கரிமருந்து தயாரிப்பது பற்றிய கேள்விகளும்தான்.

---

சேலத்துக்காரன் (டெக்சஸ்)

வேட்டைக்குப் போவதில்லை, இங்கே சும்மா வாசிக்க வருகிறவன். ஏற்காடு பக்கம் எங்கள் அம்மா வழி ஊரில் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி பார்த்திருக்கிறேன். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க என்று உரிமம் வாங்கியது. இதே வாய்வழி மருந்துதான். தேங்காய் நார் அடைத்து, ரவை போட்டு, மறுபடி நார் அடைத்துக் கம்பியால் இடிப்பார்கள். 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை, உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி மலைக்கிராமங்களில் போலீஸ் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். அங்கே வைத்திருந்தால் ஜெயில், இங்கே அதன் பேரப்பிள்ளையைக் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். இதை மட்டும் எப்படிக் கூரியரில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள்?

---

நாலுகால்தடம்

1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'தொன்மைத் துப்பாக்கி' என்றொரு வகை உண்டு. அது கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியே அல்ல. 1998-இல் அதைத் திருத்தி, கரிமருந்தோ மாற்றுப் பொடியோ மட்டும் போடுகிற, தோட்டா போட முடியாத வாய்வழித் துப்பாக்கியையும் அந்த வகையில் சேர்த்தார்கள். அதனால்தான் போன மாதம் ஆலையிலிருந்து வந்த இன்லைனும் சட்டத்தின் கண்ணில் தொன்மை. குழலை மாற்றித் தோட்டா ரைஃபிளாக்க முடிகிற மாடல்கள், என்கோர் மாதிரி, இதில் வராது. அவற்றைக் கடையில் வழக்கமான படிவம், பின்னணிச் சோதனையோடுதான் வாங்க வேண்டும்.

வயல்வெளி கேட்ட விசா விஷயமும் இதோடு ஒட்டியது. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு. எனவே முதலில் வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பு, அடுத்து உரிமம், அதற்குப் பிறகுதான் கடை. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போயிற்று, புதுப்பிக்க மறக்காதீர்கள். மாநிலச் சட்டம் தனி. நியூ ஜெர்சியில் புது மசில்லோடர் வாங்கவும் துப்பாக்கி அடையாள அட்டை வேண்டும். வேலை மாறி மாநிலம் மாறுகிற நம் ஆட்கள் இதைக் கவனிப்பதே இல்லை. விசாவைப் பணயம் வைக்கிற விஷயம் என்பதால் களத்தில் படித்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம், வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

---

வயல்வெளி

நன்றி. பயிற்சி வகுப்பும் உரிமமும் ஏற்கனவே முடிந்தது.

குண்டு பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

பொடிடப்பா

குழலுக்குள் இருக்கும் புரியின் முறுக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்கு போதும், 66 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. தாம்சன் சென்டர் ஹாக்கன் மாதிரி 1970களின் துப்பாக்கிகளில் 48-க்கு ஒன்று, இரண்டும் கெட்டான். இன்லைன்களில் பெரும்பாலும் 28-க்கு ஒன்று. நீளமான குண்டுக்கென்றே செய்தது. உருண்டைக் குண்டை நிறைய மருந்தோடு அதில் போட்டால் புரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

சேபோ என்பது .50 குழலுக்குள் .45 குண்டை உட்கார வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணம். குழலைவிட்டு வெளியே வந்ததும் இதழ் விரித்துக் கழன்றுவிடும். 250 கிரெய்ன் குண்டு, 100 அளவு மருந்து என்றால் வினாடிக்கு 1,700, 1,800 அடி வேகம். 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி வைத்தால் 150 வரை குறியை நகர்த்தாமல் சுடலாம். 200-இல் சுமார் ஒன்பது, பத்து அங்குலம் கீழே போய்விடும். விளம்பரத்தில் 300 கெஜம் என்று போடுவார்கள். காகிதத்தில் படும், ஒத்துக்கொள்கிறேன். மான் ஓர் அடி எடுத்துவைத்தால் என்ன ஆகும்?

சேபோ உள்ளே இறுக்கமாகப் போகிறதா, தளர்வாகப் போகிறதா என்பது ஒவ்வொரு குழலுக்கும் மாறும். இரண்டு மூன்று வகை வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும். கம்பியை வைத்து உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டியிருந்தால் அது உங்கள் குழலுக்கான சேபோ அல்ல.

---

கரடிமலை

இன்லைன் எனக்குப் பிடிக்காது என்றாலும் பாதுகாப்பு இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் சொல்கிறேன்.

குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்தே ஆக வேண்டும். நடுவில் காற்று இடைவெளி இருந்தால் அந்தக் குண்டு குழலை அடைத்த தடையாகிவிடும், குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். அதற்குத்தான் கம்பியில் கோடு போடுவது. காலிக் குழலில் ஒரு கோடு, சரியாகக் கெட்டித்த பின் ஒரு கோடு. கோடு மேலே நின்றால் இரட்டை மருந்து, அல்லது குண்டு இறங்கவில்லை. ரேஞ்சில் யாராவது பேச்சுக் கொடுக்கும்போது கெட்டிக்காதீர்கள். இரட்டை மருந்து பெரும்பாலும் பேச்சில்தான் நடக்கும்.

மருந்தை டப்பாவிலிருந்தோ மருந்துக் கொம்பிலிருந்தோ நேரே குழலில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு பொறி மிச்சம் இருந்தால் கையில் இருப்பது வெடிகுண்டு. அளவுக்குழாயில் எடுத்து, அதிலிருந்து ஊற்றுங்கள். முகத்தைக் குழல் வாய்க்கு மேலே கொண்டுபோகக் கூடாது. ப்ரைமர் எல்லாவற்றுக்கும் கடைசி.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால் குழலைக் குறிப்பலகை பக்கமே வைத்து முழுசாக ஒரு நிமிடம் காத்திருங்கள். உடனே திறந்து பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

பழைய இன்லைன் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதாக இருந்தால் வரிசை எண்ணைப் பாருங்கள். 1995, 96-இல் செய்த சிவிஏ இன்லைன்களை அந்த நிறுவனமே 1997-இல் திரும்ப அழைத்தது. எண்ணின் கடைசியில் 95 அல்லது 96 இருக்கும். இன்னும் அடகுக் கடைகளில் தென்படுகிறது. இன்றைய துப்பாக்கிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

---

சாம்பல்நரி

ஸ்கோப் விவாதத்தை விட்ட இடத்திலிருந்து எடுக்கிறேன். யூட்டா மாநிலம் 2016-இல் மசில்லோடரில் பெருக்கும் ஸ்கோப்பை அனுமதித்தது. 2024-இல் திரும்பப் பெற்றது, ஒரு மடங்குக்கு மேல் பெருக்கக் கூடாது. நியூ மெக்சிகோ அதற்கு முந்தைய வருடமே ஸ்கோப்பை எடுத்துவிட்டது. காரணம் பெரிய தத்துவம் எதுவுமில்லை. குறுகிய தூர ஆயுதம் என்ற கணக்கில்தான் மசில்லோடருக்கு நல்ல தேதிகளைக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் செப்டம்பரில், எல்க் கத்தும் காலத்தில். வேட்டைக்காரர் கையில் 300 கெஜத் துப்பாக்கி வந்துவிட்டால் அதிகம் பேருக்கு மிருகம் விழும். வனவிலங்குத் துறை அடுத்த வருடம் உரிமத்தைக் குறைக்கும். குலுக்கலில் காத்திருக்கும் வருடங்கள் கூடும்.

அதனால்தான் கோடு ஸ்கோப்பில் இருக்கட்டும் என்கிறேன். நன்றாகப் பற்றும் மருந்து மிருகத்துக்கும் நல்லது. தூரத்தைக் கூட்டும் கண்ணாடி அப்படி இல்லை.

---

நாலுகால்தடம்

மேற்கே அது சரி. இங்கே நிலைமை வேறு. ஒஹாயோ, இண்டியானாவில் மான் அதிகம், பெட்டை மானைக் குறைக்க வேண்டும் என்றே துறை கேட்கிறது. ஜனவரியில் மாலை ஐந்து மணிக்கு வெளிச்சம் போகும் நேரத்தில்தான் மான் வயலுக்கு வரும். என் வயதில் இரும்புக் குறியின் இரண்டு முனையும் மானும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. ஸ்கோப் இருந்தால் கொம்பு இருக்கிறதா இல்லையா, பின்னால் வேறு மான் நிற்கிறதா என்பதாவது தெரிகிறது. 2-7 அல்லது 3-9 மடங்கு பெருக்கும் ஸ்கோப் போதும். தூரம் கூட்டுவதற்காக இல்லை, வெளிச்சத்துக்காக.

---

கரடிமலை

உங்கள் வயதுதான் எனக்கும். வெளிச்சம் போனால் நான் வீட்டுக்குப் போகிறேன்.

---

சேலத்துக்காரன்

இந்த இழைக்குப் பாப்கார்ன் வாங்கி வந்தேன். தொடருங்கள்.

---

வயல்வெளி

முடிவு செய்துவிட்டேன். உல்ஃப், ஒரு 2-7 ஸ்கோப், பிளாக்ஹார்ன், அதற்கான பின்திருகாணி. 125 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். கரடிமலை அண்ணன் கோபிக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு சந்தேகம். நான்கு நாளும் தொடர்ந்து போவதென்றால் ஒவ்வொரு மாலையும் கெட்டித்த மருந்தைச் சுட்டு வெளியேற்ற வேண்டுமா? மருந்து டப்பாவை எங்கே வைப்பது? வீட்டில் அதைப் பற்றித்தான் கேள்வி மேல் கேள்வி.

---

பொடிடப்பா

சுட வேண்டாம். ப்ரைமரை எடுத்துவிட்டால் பல மாநிலங்களில் சட்டப்படி அது கெட்டிக்காத துப்பாக்கிதான், ஒஹாயோவும் அப்படித்தான், ஆனால் அந்த வருடத்து விதிப் புத்தகத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிரச்சினை ஈரம். வெளியே உறைபனியில் இருந்த குழலைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும், மறுநாள் காலை மருந்து களிமண். பூட்டு போட்ட கராஜ் குளிராகவே இருந்தால், ப்ரைமரை எடுத்து, உறையில் போட்டு அங்கேயே வைக்கலாம். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் இந்த யோசனையே வேண்டாம். பின்திருகாணியைக் கழற்றி, மருந்தையும் குண்டையும் பின்பக்கமாகத் தள்ளி எடுத்துவிடுங்கள். சேபோ ஒன்றும் மருந்து கொஞ்சமும் வீணாகும், அவ்வளவுதான்.

காலையில் கெட்டிக்கும் முன் குழலில் ஒரு உலர்துணி ஓட்டுங்கள். எண்ணெய் பின்திருகாணிப் பக்கம் இறங்கித் தேங்கியிருக்கும். முதல் சுடல் தாமதிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். குழல் வாயில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டால் பனி உள்ளே போகாது. டேப்போடே சுடலாம், குண்டு வருவதற்கு முன் காற்றே அதைத் தள்ளிவிடும்.

மருந்து வந்த டப்பாவிலேயே இருக்கட்டும், வேறு எதற்கும் மாற்றாதீர்கள். ப்ரைமரும் அதுவும் ஒரே அலமாரியில் வேண்டாம். வாட்டர் ஹீட்டர், உலை இருக்கும் நிலவறைப் பக்கம் வேண்டாம். குளிர்ந்த, உலர்ந்த, பூட்டிய இடம் போதும்.

ஆன்லைனில் ஒரே ஒரு டப்பா வாங்காதீர்கள், அபாயப் பொருள் கட்டணம் மருந்து விலையைத் தொட்டுவிடும். பக்கத்துக் கடையில் கேளுங்கள், இல்லையென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள்.

---

நாலுகால்தடம்

பிளாக்ஹார்ன் எனக்கும் இரண்டு டப்பா வேண்டும். டேட்டன் வரை வர முடியுமென்றால் சேர்த்தே வாங்கிவிடுகிறேன், தனிமடல் அனுப்புங்கள். திருகாணியின் புரியில் பூச ஆன்டி-சீஸ் பசையும் ஒரு குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பூசாமல் பருவம் முழுக்க விட்டால் அப்புறம் கையால் கழற்ற முடியாது.